கூரைக்குக் கீழே ஒரு புள்ளி

வெள்ளைத் துணிக்கு வெயில் என்றால் கொண்டாட்டம். ஈரமாய் இருக்கும்வரை அது வெறும் துணி. காயத் தொடங்கியதும் வெளிச்சம்.

கொடியில் ஏறி ஆடும். காற்று வந்தால் வயிறு புடைக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் கண் கூசும். கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளையாகவே நிற்கும்.

பவளக்கொடிக்கு வயது முப்பத்தாறு. அதில் பதினெட்டு வருடம் வெள்ளைத் துணியோடு போயிற்று. திருச்சியில், ரயில்வே பணிமனைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் படித்துறையில் அவள் துவைப்பாள். அவள் கணவன் அழகிரி தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுவான்.

டாக்டர் வீட்டு வேட்டி. பள்ளிக்கூடத்துச் சட்டை. ஆஸ்பத்திரி விரிப்பு. எல்லாம் வெள்ளைதான். ஆனால் அந்த மாசி மாதக் காலையில் கொடியில் ஆடியது வேறு மாதிரியான வெள்ளை.

சின்னத் துணி. கைக்குட்டையைவிடப் பெரிது, துண்டைவிடச் சிறிது. நாலு பக்கமும் ஒரே அளவு. வெள்ளை நூலில் ஒரு சின்னச் சிலுவை. வெயில் அதன் வழியே வந்தபோது, துவைகல்லின் மேல் ஓங்கிய அவள் கை அப்படியே நின்றது.

எதற்காக நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. துணி மட்டும் ஆடியது.

*

சூசையப்பர் கோவில் துணிகள் அந்த வாரம்தான் முதன்முதலாக அவளிடம் வந்திருந்தன. அதுவரை துவைத்துக்கொண்டிருந்த கன்னியர் மடம் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தது.

வேறு வேறு வீட்டுத் துணி ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றைத் துணியின் மூலையில் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். துணி நைந்து நூலாகப் போனாலும் குறி போகாது.

டாக்டர் வீட்டுக்கு இரண்டு கோடு. வக்கீல் வீட்டுக்கு ஒரு வட்டம். குறி வைப்பது அழகிரியின் வேலை. அன்று அவன் துணி கொடுக்கப் போயிருந்தான். அவள் தானே ஊசியை எடுத்தாள்.

கோவிலுக்கு என்ன குறி வைப்பது? சற்று யோசித்தாள். மேலே ஒரு கோடு. கீழே ஒரு புள்ளி. கூரை ஒன்று, அதற்குக் கீழே ஓர் ஆள். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கே பிடித்திருந்தது.

சின்னத் துணியைக் கஞ்சி போட்டு, தேய்த்து, கைக்குட்டைபோல நாலாக மடித்து அனுப்பினாள்.

அன்று மாலையே கோவில்பிள்ளை சவரிமுத்து சைக்கிளில் வந்துவிட்டார். கோவில் மணி அடிப்பவர், பீடத்தை ஒழுங்கு செய்பவர் அவர்தான். ஐம்பது வயது. வாய்க்குப் பூட்டே கிடையாது.

“ஏம்மா பவளக்கொடி! இது என்ன, மூலையில எறும்பு செத்துக் கெடக்குற மாதிரி?”

“குறிங்கண்ணே. வேற துணியோட மாறிறக் கூடாதுல்ல.”

“மாறுறதா? ஊருக்குள்ள வேற எவன் வீட்லம்மா இந்தத் துணி இருக்கு!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

சவரிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். பூசையில் சாமியார் அப்பத்தை இந்தத் துணியின் மேல்தான் வைப்பார். “எங்களுக்கு அது அப்பம் இல்லம்மா. ஆண்டவரோட உடம்பு. அதான் இதுக்குப் பேரே திருமேனித் துகில்.”

துகிலைத் தன் உள்ளங்கையில் விரித்து மடித்துக் காட்டினார். இப்படி மூன்று. திருப்பி மூன்று. ஒன்பது கட்டம். எல்லா மடிப்பும் உள்பக்கமாக.

“ஏண்ணே உள்பக்கமா?”

“துணுக்கு எதுவும் ஒட்டியிருந்தா வெளிய உதிரக் கூடாதுல்ல. அதுக்குத்தான். மொத தண்ணியக்கூட நானே அலசி மாதா செலை இருக்குற கெபிக்குப் பக்கத்துல நந்தியாவட்டைக்கு ஊத்திட்டுத்தான் ஒங்கிட்ட குடுக்குறது. சாக்கடைல விட மாட்டோம்.”

பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. “குறி போகாதுங்கண்ணே. தலகீழா நின்னாலும் போகாது.”

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். “ஃபாதர்ட்ட கேட்டுப் பாக்குறேன்” என்று சைக்கிளை எடுத்தார். தெரு திரும்பும்வரை அந்த வெள்ளைத் துணியை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனார். ஒரு கையில் சைக்கிள் தள்ளாடியது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வாழ்நாள் முழுவதும் துணியை அவளை நோக்கி வீசித்தான் ஊருக்குப் பழக்கம். மாடியிலிருந்து மூட்டையாக விழும். முகத்தைப் பார்க்காமல் விழும்.

இங்கே ஒரு துணுக்கு கீழே விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத துணுக்கு. அதற்கு இத்தனை மடிப்பு. ஒரு துணுக்குக்கே இப்படிப் பதறுகிறவர்கள் ஒரு மனுசியைக் கீழே விட்டுவிடுவார்களா?

அந்தக் கேள்வி வந்தது. வந்தது போகவில்லை. சேங்கொட்டைச் சாறுபோலப் பிடித்துக்கொண்டது.

*

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனாள். சாமி கும்பிடப் போகவில்லை. தன் குறி என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனாள்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில், தூணுக்குப் பின்னால், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள். எழுந்து ஓடுவதற்கு வசதியாக.

பெஞ்சில் இருந்த பெண் சற்று நகர்ந்தாள். அவ்வளவுதான். யார் நீ என்று கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நகர்ந்து, பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடித்தாள்.

அன்பு பெரும்பாலும் பெரிய வேலை எதையும் செய்வதில்லை. சற்று நகர்ந்து உட்காருகிறது.

அவள் பெயர் அடைக்கலமேரி. ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா. பாட்டில் பாதி வரி தவறாகவே பாடுவாள், ஆனால் உரக்கப் பாடுவாள்.

மேலே கண்ணாடிச் சன்னல்களில் வெயில் ஏறியது. மஞ்சள், நீலம், சிவப்பு. எல்லா நிறமும் இறங்கி வந்து பீடத்தின் வெள்ளையில் சேர்ந்தன. சாமியார் துகிலை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் மனதுக்குள் மடிப்பை எண்ணினாள்.

நன்மை என்று அவர்கள் சொல்லும் அந்த அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையாகப் போனபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அடைக்கலமேரி குனிந்து காதோடு சொன்னாள். “நன்ம வாங்காதவங்களும் வரலாம்த்தா. ரெண்டு கையையும் இப்படி நெஞ்சுல கட்டிக்கிட்டு வா. ஃபாதர் ஆசீர் குடுப்பாரு.”

போனாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே யாரோ துணி அடிக்கிற மாதிரி இருந்தது. தப், தப், தப்.

சாமியார் இன்னாசி அவள் நெற்றிக்கு நேரே கையை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டிப் பீடத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துகில். மூலையில் கறுப்பாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி.

அங்கே இருந்தது. எடுத்துப் போடவில்லை. ஒளித்துவைக்கவில்லை. அவள் குறி, ஆண்டவருடைய உடம்பு இருக்கும் இடத்துக்கு நாலு விரற்கடை தள்ளி, வெளிச்சத்தில் இருந்தது.

பூசை முடிந்து வாசலில் சாமியார் கேட்டார். “குறி வெச்சது நீங்கதானா?”

“தெரியாம பண்ணிட்டேன் சாமி.”

“எல்லா வீட்டுத் துணிக்கும் ஒரு குறி இருக்குல்ல. இந்த வீட்டுக்கும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்” என்றார். சிரித்தார். பக்கத்தில் சவரிமுத்து, தான்தான் வாதாடி ஜெயித்தது போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

வீட்டுக்கு அவள் நடந்து போகவில்லை. கிட்டத்தட்ட ஓடினாள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினாள்.

*

பிறகு எல்லா ஞாயிறும். சித்திரை வெயில் போனது, ஐப்பசி மழை வந்தது, மார்கழிப் பனியில் கோவில் வாசலில் நட்சத்திரம் தொங்கியது. மறுபடி ஒரு சித்திரை. மறுபடி ஒரு மழை. ஒவ்வொரு ஞாயிறும் நெஞ்சில் கட்டிய கை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் புள்ளி.

அடைக்கலமேரி சொல்லிக்கொடுத்த செபங்களைத் துவைகல்லின் தாளத்துக்குச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு அடிக்கு ஒரு சொல். செபம் முடியும்போது சட்டை வெளுத்திருக்கும். எதனால் வெளுத்தது என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

புதன்கிழமை சாயங்காலம், வேதத்தில் சேர நினைத்த நாலு பேருக்குச் சாமியார் வகுப்பு எடுத்தார்; அவளும் ஒருத்தி. ஒரு நாள் சொன்னார்: திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், ஆன்மாவில் ஒரு முத்திரை பதிக்கிறது. அது அழியாது. மனிதன் எங்கே போனாலும், என்ன ஆனாலும், அழியாது.

பவளக்கொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழியாத குறி என்றால் என்ன என்று அந்த அறையில் அவளைவிட யாருக்குத் தெரியும்!

தூங்கி எழுந்ததும் அந்த நினைப்பு. வாய்க்கால் தண்ணீரில் கால் வைத்ததும் அந்த நினைப்பு. திருவிழாவுக்கு முந்தின நாள் பிள்ளைக்கு இருக்குமே, அப்படி. உள்ளே ஏதோ ஒன்று கொடியில் ஏறி ஆடிக்கொண்டே இருந்தது.

ஒன்று மட்டும் ஆடவில்லை. அது கனமாகத் தொங்கியது. அவள் அழகிரியிடம் சொல்லவில்லை.

*

ஞாயிறு காலை எங்கே போகிறாய் என்றால், கோவிலுக்குத் துணி கொடுக்க என்பாள். புதன்கிழமை எங்கே என்றால், துணி வாங்க என்பாள். பாதி உண்மை. கறையிலேயே மோசமான கறை பாதி அலசிய கறைதான். காய்ந்த பிறகுதான் தெரியும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஒருவருக்கொருவர் பிள்ளை. சோற்றில் கல் இருந்தால்கூட அழகிரி, “பவளம், வைரமெல்லாம் சோத்துல போடாத புள்ள, பல்லு தாங்காது” என்பான். இருபது வருடமாக அந்த வீட்டில் வேடிக்கைப் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அவனிடம் பொய் சொல்வது அவன் சோற்றில் தெரிந்தே கல் போடுவது போலத்தான்.

தை மாதக் கடைசியில் சாமியார் கூப்பிட்டுக் கேட்டார். தவக்காலம் வருகிறது. அது முடிந்து பாஸ்கா இரவில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின ராத்திரியில், திருமுழுக்கு. பெயரை எழுதிக்கொள்ளலாமா?

சரி என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். “வீட்ல தெரியுமா?”

தலையைக் குனிந்தாள்.

“அவர் சரின்னு சொல்லணும்னு நான் கேக்கல. தெரியணும். ஒரு மனுசன்ட்ட மறச்சிட்டு ஆண்டவர்ட்ட போய் என்ன சொல்லப் போறீங்க?”

*

தவக்காலத்தின் முதல் புதன். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். சாமியார் அதை நெற்றியில் சிலுவையாகப் பூசினார். அவள் துடைக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

அழகிரி வண்டியில் கரி அணைத்துக்கொண்டிருந்தான். ஏறிட்டுப் பார்த்தான். “என்ன புள்ள, திருநீறெல்லாம் பலமா இருக்கு? கருப்பாயிருச்சே. எந்தக் கோயில்ல இப்படிக் கலப்படம் பண்றாய்ங்க?”

அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. அழுகையோடு எல்லாமும் வந்தது. குறி, துகில், துணுக்கு, பெஞ்சு, புதன்கிழமை. இரண்டு வருடத்தை நின்ற நிலையில் சொல்லி முடித்தாள். “ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க” என்பதோடு முடித்தாள்.

பணிமனைச் சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்தது. அழகிரி இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்தான்.

“பேர மாத்துவாங்களா?”

“கூட ஒரு பேரு வெப்பாங்க.”

“அப்ப நான் எப்படிக் கூப்புடுறது?”

“எப்பயும் போலத்தாங்க. பவளம்னு.”

“தாலி?”

“அவங்களும் தாலிதாங்க கட்டுறாங்க. நீங்க கட்டுனது எங்கயும் போகாது.”

அவன் குனிந்து, அணைந்த கரியை ஒரு கம்பியால் ஒதுக்கினான். பிறகு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டான். “செத்தா ஒன்னைய அவங்க கல்லறைல வெப்பாங்க. என்னைய எங்க வெப்பாங்க?”

அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“போகாதன்னு சொல்லல புள்ள. நீ முகம் வெளிச்சமாத்தான் இருக்க, ரெண்டு வருசமா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா நீ மட்டும் ஒரு வண்டில ஏறி, நான் பிளாட்பாரத்துல நிக்கிற மாதிரி இருக்கு.”

அன்றோடு அந்த வீட்டில் வேடிக்கைப் பேச்சு நின்றது. கோபம் இல்லை. சாப்பிட்டான், வேலை செய்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். சோற்றில் கல் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் எடுத்து ஓரமாக வைத்தான்.

அந்தக் கல்லைப் பார்த்து அவள் அழுதாள்.

*

நாற்பது நாள். வேப்பமரம் இலை உதிர்த்தது. துளிர்த்தது. வெயில் ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறியது.

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை. சுவரில் பதினாலு படம். ஆறாவது படத்தில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆண்டவர் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். பெயர் வெரோணிக்கா. பெரிய காரியம் ஒன்றும் அவள் செய்யவில்லை. சிலுவையை இறக்கவில்லை. சேவகரைத் தடுக்கவில்லை. வேர்வையைத் துடைத்தாள்.

பவளக்கொடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ரத்தமும் புழுதியும். பச்சைத் தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துணியை எந்தப் பெண் துவைக்கப் போடுவாள்?

திருமுழுக்கில் தனக்கு வைக்க அந்தப் பெயரையே கேட்டாள்.

கல்லறைக் கேள்வியையும் சாமியாரிடம் கொண்டுபோனாள். அவர் கொஞ்சம் யோசித்தார். “அவர் அவரா இருந்துக்கிட்டே ஒங்க பக்கத்துல படுக்கணும்னு ஆசப்பட்டா, ஆறடி இடத்துக்கா நாங்க கணக்குப் பாக்கப் போறோம்?”

அதை அப்படியே வந்து அழகிரியிடம் சொன்னாள். அவன் ஒரு சட்டைக் கைக்குத் தண்ணீர் தெளித்தான். இஸ்திரிப் பெட்டி உஸ் என்றது. “ம்” என்றான்.

அந்த ஒரு எழுத்தை மூன்று நாள் வைத்து அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. சம்மதம் இருந்ததா என்று தெரியவில்லை.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் அடைக்கலமேரி வீட்டுக்கு வந்தாள். அவள்தான் ஞானத்தாயாக நிற்கப்போகிறாள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மடித்த ஒரு வெள்ளைப் பருத்திப் புடவை. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் கொண்டுவருவது போல.

நேராக அழகிரியிடம் போனாள். பவளக்கொடியைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, வர்ற சனிக்கிழம ராத்திரி எங்க வீட்ல ஒரு விசேசம். ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு நான் தாயா நிக்கிறேன். அந்தப் பொண்ண எங்க கையில தர்றதுக்கு ஆள் வேணும்ல. நீங்க வந்து நின்னாத்தான் எனக்கு மரியாதி.”

அழகிரி எழுந்து நின்றான். ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். அவனை யாரும் தட்டு வைத்து அழைத்தது நினைவில் இல்லை. எல்லார் விசேஷத்துக்கும் வேட்டி தேய்த்துக் கொடுத்திருக்கிறான்.

“நான் ஒங்க சாமியக் கும்புடுறவன் இல்லக்கா.”

“கும்புடவா கூப்புட்டேன்? நிக்கத்தான கூப்புட்டேன். கால் வலிச்சா பெஞ்சு இருக்கு, நகந்து எடம் குடுக்குறேன்.”

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

*

பெரிய வியாழன் பூசை முடிந்ததும் பீடத்துத் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இலை உதிர்ந்த மரம்போலப் பீடம் வெறும் கல்லாக நின்றது. அந்தத் துணிகள் அவளிடம் வந்தன. வெள்ளிக்கிழமை அவள் எதையும் துவைக்கவில்லை. சனிக்கிழமை விடியலில் எல்லாவற்றையும் துவைத்தாள். திருமேனித் துகிலைக் கடைசியாக, தனியாக.

கூடவே அந்த வெள்ளைப் புடவையையும் ஒருமுறை நனைத்து, கொடியில் போட்டாள். புதுப் புடவையின் மொடமொடப்பு போகட்டும் என்று.

பத்து மணி வெயிலில் கோவில் துணிகள் காய்ந்துவிட்டன. தேய்த்து, மடித்து, எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். அங்கே தரை கழுவ ஆள் வேண்டியிருந்தது. புடவை கொடியிலேயே இருந்தது. வெயில்தானே அடிக்கிறது.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. யாரும் எதிர்பார்க்காத கோடை மழை. முதலில் புழுதி வாசம். பிறகு காற்று. பிறகு கல்லெறிவது போலத் துளிகள்.

“புடவை!” என்றாள். துடைப்பத்தைச் சவரிமுத்து கையில் திணித்தாள். ஓடினாள்.

மழையில் ஓடினாள். வாய்க்கால் கரைச் சேறு. காற்றில் கொடி அறுந்திருந்தால்? புடவை சேற்றில் விழுந்திருந்தால்? இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது. செம்மண் கறை ஒரு அலசலில் போகாது. அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஓடும்போதே இன்னொன்றும் தெரிந்தது. புடவை போனாலும் போகட்டும். அழுக்குப் புடவையோடுகூட அந்த வாசலில் போய் நிற்கலாம். அவன் இல்லாமல் நிற்பதுதான் முடியாது போலிருந்தது.

கொடி தெரிந்தது. கொடியில் எதுவும் இல்லை.

கீழே பார்த்தாள். சேற்றில் வெள்ளையாய் எதுவும் இல்லை. மழைத் துளிகள் மட்டும் குதித்தன.

வீட்டுக்குள் உஸ் என்றது.

அழகிரி வண்டியை மழையில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். தலை சொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தரையில் போர்வையை விரித்து, அதன் மேல் வெள்ளைப் புடவையைப் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தான். புடவையில் ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவன் நிமிரவில்லை.

“சேத்துக் காலோட உள்ள வராத புள்ள. வெள்ளத் துணி கெடக்கு.”

கடைசி முறை பெட்டியை இழுத்தான். மடித்தான். மூன்று. திருப்பி மூன்று. எல்லா மடிப்பும் உள்பக்கமாக. இந்த மடிப்பை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் கையைப் பார்த்திருக்கிறான்.

மூலை ஒன்றை மட்டும் வெளியே விட்டிருந்தான். அதில் சுண்ணாம்பு. விரலால் அதைத் தட்டிவிட்டான். கீழே கறுப்பாக ஒரு குறி.

மேலே ஒரு கோடு. கீழே இரண்டு புள்ளி.

அவர்கள் வீட்டுத் துணியில் குறி வைத்ததே இல்லை. தன் துணியைத் தனக்குத் தெரியாதா என்பான். இதுதான் முதல் குறி.

“கோவில் குறிக்குக் கீழ ஒரு புள்ளிதானங்க?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஒண்ணு அந்த வீட்டு ஆளு.”

“இன்னொண்ணு?”

“கூட வந்த ஆளு.” பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “கூரைக்கு உள்ள வெக்கிறதா வெளிய வெக்கிறதான்னு கொஞ்ச நேரம் யோசன பண்ணேன். மழ பேயுதே, உள்ளயே வெச்சுட்டேன்.”

அவள் அழுதாள். சிரித்தாள். இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது.

“இந்தா, அழுகாத. அப்புறம் அந்த அக்கா, பொண்ண அழ வெச்சுக் கூட்டியாந்துட்டான்னு எம்மேல பாயும். ஞானத்தாய்னா மாமியா மொற ஆகுதா? பாத்தாலே பயமா இருக்கு.”

நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேடிக்கை. அவள் அதைக் கேட்டாள். சங்கீதம் கேட்பது போலக் கேட்டாள்.

*

மழை நின்றது. வந்தது போலவே போனது. மேற்கே மேகம் விலகி, கடைசி வெயில் தெருவில் இறங்கியது. தேங்கிய தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன்.

தெருவில் இருவர் நடந்து போனார்கள். வெள்ளைப் புடவையில் ஒருத்தி. அவளுக்கு ஒரு எட்டு பின்னால், டாக்டர் வீட்டு வேட்டியைவிட நன்றாகத் தேய்த்த தன் வேட்டியில் ஒருவன்.

அவள் இன்னும் அந்த வீட்டைச் சேர்ந்தவள் இல்லை. இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. நெருப்பு மூட்ட வேண்டும், மெழுகுதிரி ஏற்ற வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். நெஞ்சில் கட்டிய கையை முதல்முறையாக அப்பத்துக்கு நீட்ட வேண்டும்.

உள்ளே துணி அடிக்கும் சத்தம். தப், தப், தப்.

கோவில் வாசலில் அடைக்கலமேரி நின்றாள். இருவரையும் பார்த்தாள். படியில் சற்று நகர்ந்து, இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.

காற்று வந்தது. முந்தானை ஏறி ஆடியது. அதன் வழியே கடைசி வெயில் வந்தது. மூலையில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

வெள்ளைத் துணிக்கு வெயில் என்றால் கொண்டாட்டம்.